எவருடைய சகோதரத்துவம்?

சகோதரத்துவம் என்பது எவ்வளவு உயர்ந்த சொல்! அந்தச் சொல்லை வாசலில் எழுதி வைத்துவிட்டு, கதவை மட்டும் இறுகச் சாத்திக் கொண்டவர்களைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம். அங்கே டஸ்கலூசா நகரில் மாநில அரசின் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. இளங்கலை மாணவரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 'கிரேக்கச் சங்கங்கள்' என்பவற்றில் உறுப்பினர். ஆண்களுக்குச் சகோதரச் சங்கம். பெண்களுக்குச் சகோதரிச் சங்கம். கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூட்டிக்கொள்வதால் அந்தப் பட்டம். தூண் நிறுத்திய மாளிகைகளில் வாசம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் செலவு. பணம் இருந்தாலும் போதாது. உள்ளே இருப்பவர் பார்த்து 'வா' என்றால்தான் கதவு திறக்கும்.

"தனியார் சங்கம்தானே, பிடித்தவரைச் சேர்த்துக்கொள்ள உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நடந்ததைச் சொல்கிறோம்.

1956ல் ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அந்தப் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். சில நாட்களிலேயே வெறிக் கும்பல் சூழ்ந்தது. நிர்வாகம் என்ன செய்தது? கும்பலை அல்ல, லூசியை வெளியேற்றியது! 1963 ஜூன் 11 அன்று கவர்னர் ஜார்ஜ் வாலஸ் தானே வாசலை மறித்து நின்றார். மத்திய அரசு படையை முன்நிறுத்திய பிறகே அவர் விலகினார். விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் இருவரும் உள்ளே நுழைந்தனர்.

வகுப்பறைக் கதவு திறந்தது. மாளிகைக் கதவு? அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2013 செப்டம்பரில், மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் ஒயிட்' உண்மையை அம்பலப்படுத்தியது. படிப்பில் முன்னணியில் நின்ற ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சகோதரிச் சங்கம் ஒன்றுகூட ஏற்கவில்லை. அவரைச் சேர்க்க உள்ளேயிருந்த இளம் பெண்கள் சிலர் விரும்பினர். மறித்தவர்கள் யார்? படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்கள்! ஒரு மாணவி தன் பெயரை வெளியிடச் சம்மதித்தே பேசினார். அந்தத் துணிச்சலுக்கு நம் வணக்கம்.

விஷயம் வெளிவந்ததும் நிர்வாகம் அசைந்தது. சேர்க்கையை மறுபடி திறக்கச் சொன்னது. அதே மாதம் நூற்றுக்கணக்கான மாணவர்களும் ஆசிரியர்களும் நிர்வாகக் கட்டடத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். கறுப்பின மாணவிகள் சிலர் சேர்க்கப்பட்டனர். ஐம்பது ஆண்டு நல்லெண்ணம் செய்யாததை ஒரு மாத வெளிச்சம் செய்தது!

இது வெறும் விருந்து, நடனக் கதை என்று எண்ணாதீர்கள். அந்தச் சங்கங்களின் ரகசியக் கூட்டணி ஒன்று உண்டு. அங்குள்ளோர் அதை 'மெஷின்' என்பார்கள். பல பத்தாண்டுகளாக மாணவர் சங்கத் தேர்தலை ஆட்டிப் படைப்பது அதுதான். அதை எதிர்த்து நின்ற ஒரு மாணவி தாக்கப்பட்டார். அதன் பின் 1993ல் மாணவர் சங்கமே கலைக்கப்பட்டது. 1996ல்தான் அது மறுபடி உயிர்பெற்றது. மாணவப் பருவத்தில் வாக்கைக் கட்டுப்படுத்தப் பழகியவன் நாளைக்கு வக்கீலாக, வங்கி அதிபராக, சட்டசபை உறுப்பினராக வரும்போது அதை மறந்துவிடுவானா?

ஆனாலும் இயந்திரம் வெல்ல முடியாததல்ல. 2015ல் அதன் எதிர்ப்பை மீறி ஒரு கறுப்பின மாணவர் மாணவர் சங்கத் தலைவரானார். 1976க்குப் பிறகு இதுவே முதல் தடவை.

இப்போது கவனியுங்கள். பன்முக அலுவலகங்களுக்கு எதிராக அலபாமா 2024ல் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டில் கறுப்பின மாணவர் சங்கத்தின் அலுவலக அறை பறிக்கப்பட்டது. அது பிரிவினையாம்! பக்கத்திலே தூண் நிறுத்திய மாளிகைகள் அப்படியே நிற்கின்றன. அது மட்டும் சகோதரத்துவமாம்!

ஒதுக்கப்பட்டவன் ஒன்றுகூடினால் பிரிவினை, ஒதுக்குகிறவன் ஒன்றுகூடினால் பாரம்பரியம்! இந்த நியாயத்தை ஏற்க மாட்டோம். வாசலில் நின்று தடுப்பவன் கவர்னரானாலும் சரி, பட்டு உடுத்திய பழைய மாணவியானாலும் சரி, வழி விட்டே ஆக வேண்டும். தானாக விடமாட்டார்கள். விடவைக்க வேண்டும்!