கண்டற்காடும் கணக்குப் புத்தகமும்

வளிமண்டலத்திற் குவிந்துவிட்ட காபனீரொட்சைட்டை மீண்டும் கீழிறக்கிவிடலாம், ஆதலால் எவரும் அஞ்ச வேண்டியதில்லை என்னும் ஆறுதலுரை ஒன்று இன்று உலகெங்கும் ஓதப்படுகிறது. ஓதுவோருள் பெரும்பாலோர் அவ்வாயுவை அங்கே குவித்தவர்களே. அவ்வுரைக்குச் சாட்சி சொல்ல நமது வாவிக்கரைக் கண்டலும் அழைக்கப்படுகிறது. கண்டல் காற்றிலுள்ள காபனை உறிஞ்சி உவர்ச் சேற்றிற் புதைக்கிறது. ஆகவே கண்டலை நடுவோம். புதைந்த ஒவ்வொரு தொன்னுக்கும் 'காபன் வரவு' என்று சீட்டெழுதி வெளிநாட்டு ஆலைகளுக்கு விற்போம். கரையோர ஏழைக்கும் வருவாய் கிட்டும் என்பது வாதம். கேட்பதற்கு இனியது. கணக்கிற்கு நிற்குமா என்பதே கேள்வி.

முதலில், மறுக்கக் கூடாததை ஒப்புக்கொள்வோம். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு 2024 இல் 420 பங்கைத் தாண்டியது. முற்றாக ஒழிக்க இயலாத எச்சப் புகையை ஈடுசெய்ய, வாயுவை மீள அகற்றுவது தவிர்க்க முடியாதது என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2022 இல் அறிவித்தது. எனவே, 'அகற்றுதல் என்பதே மோசடி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நமது தோழர் சிலரோடும் நமக்கு உடன்பாடில்லை. விஞ்ஞானத்தைப் பகைத்துக்கொண்டு வளரும் முற்போக்கு எதுவுமில்லை. தோணிக்குள் நீர் புகுந்தால் இறைக்கத்தான் வேண்டும். நமது வழக்கு இறைப்பவனோடு அன்று. இறைப்பவனைக் காட்டிக்கொண்டு ஓட்டையைப் பெருப்பிப்பவனோடுதான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். காற்றிலிருந்து இவ்வாயுவை நேரே பிரித்துப் பாறைக்குள் செலுத்தும் 'ஓர்கா' என்னும் ஆலை 2021 இல் ஐஸ்லாந்திலே திறக்கப்பட்டது. அதன் திட்டமிட்ட திறன் ஆண்டொன்றுக்கு 4,000 தொன். உலகமோ நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடித் தொன்னை வெளிவிடுகிறது. அவ்வாலை ஆண்டு முழுவதும் உழைத்துப் பிடிப்பதை உலகம் நான்கு விநாடிக்குள் கக்கிவிடுகிறது.

நமது கண்டலின் கணக்கு என்ன? 2015 இல் சீகோலொஜி, சுதீச என்னும் நிறுவனங்கள் இலங்கையின் கண்டற்காடு முழுவதையும் காக்கத் திட்டமொன்றைத் தொடங்கியபோது அதன் பரப்பை 8,815 ஹெக்டேயர் என்று மதித்தன. ஒரு ஹெக்டேயர்க் கண்டற்சேறு ஆண்டுக்கு 6 முதல் 8 தொன் வரை காபனீரொட்சைட்டைப் புதைக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. உயர்ந்த எண்ணைக் கொண்டாலும் நாடு முழுவதற்கும் 70,520 தொன்தான். நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் திறன் 900 மெகாவாற்று. நிலக்கரியிற் பிறக்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வாயு வெளியேறுகிறது. அந்நிலையம் முழுத் திறனில் இயங்கினால், நாட்டின் கண்டற்சேறு ஓராண்டிற் புதைப்பதை நான்கு நாட்களுக்குள் வெளிவிட்டுவிடும். கண்டலின் பரப்பு இருமடங்கு என்றே கொண்டாலும் எட்டு நாட்கள் ஆகா. ஒரு சிறு நாட்டின் ஒரு புகைபோக்கிக்கே ஈடாகாத காடு, பெருநாடுகளின் ஆலைகளுக்கெல்லாம் எவ்வாறு ஈடாகும்?

அப்படியாயின் கண்டல் வீணா? அன்று. அதன் பெருமை ஆண்டு வரவில் இல்லை, சேமிப்பில் இருக்கிறது. இந்து-பசுபிக் பிராந்தியத்தின் 25 கண்டற்காடுகளை அளந்து 2011 இல் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேயரிற் சராசரியாக 1,023 தொன் காபன் உறைந்திருப்பதாகக் கண்டது. காபனீரொட்சைட்டாகக் கணித்தால் அது 3,700 தொன்னுக்கு மேல். புதிதாக நட்ட ஒரு ஹெக்டேயர், ஆண்டுக்கு 8 தொன் வீதம், அச்சேமிப்பை எட்ட 460 ஆண்டுகளுக்கு மேற்செல்லும். நிற்கும் காட்டை வெட்டிச் சேற்றைக் கிளறிவிட்டு, வேறோரிடத்தில் கன்று நட்டுப் படம் பிடிப்பவன் பரிகாரம் செய்யவில்லை, பகற்கொள்ளையை மறைக்கிறான்.

நட்ட கன்றுகளின் கதியும் தெரிந்ததே. இலங்கையில் 23 இடங்களில், 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் மேற்கொள்ளப்பட்ட கண்டல் மீள்நடுகைகளை ஆராய்ந்த அறிக்கை 2017 இல் வெளிவந்தது. தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தகாத நிலத்தில், தகாத இனத்தை நட்டு, பின்னர்த் திரும்பிப் பாராததன் விளைவு அது. மட்டக்களப்பு வாவியோ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. மாரியில் வெள்ளம் ஏறி நன்னீராகவும், கோடையில் வற்றி உவராகவும் மாறுவது. பாலமீன்மடுவிலே முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும் அதன் மூச்சு. அம்மூச்சை அறிந்தவர்கள் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வலை வீசும் மக்கள். அவர்களைக் கேளாது வரையப்படும் நடுகைத் திட்டம் சேற்றில் எழுதிய எழுத்தாகும்.

"ஏழைக்குப் பணம் வருவதைத் தடுப்பதா?" என்று கேட்பர். பணம் வரட்டும். ஆனால் எந்தப் பெயரில்? இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளிவிடுவது ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கர் ஒருவர் வெளிவிடுவது ஏறத்தாழ 14 தொன். அதிகம் எரித்தவன் தரவேண்டியது கடன். மேலும் எரிப்பதற்கான உரிமச்சீட்டின் விலை அன்று. சீட்டை விற்றால் வாயு குறைவதில்லை. இங்கே புதைந்தது அங்கே எழுகிறது, அவ்வளவே. அதற்கு மேலும், விற்ற காட்டுக்கு வாங்கியவன் காவல் வைப்பான். இறாலும் நண்டும் பிடித்து உண்டவன், தன் வாவியிலே அனுமதி கேட்டு நிற்க நேரும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நிற்கும் கண்டலை முதலிற் காக்க வேண்டும். நீரோட்டத்தைச் சீர்செய்து, கண்டல் தானே முளைக்கும் இடத்தில் அதை முளைக்கவிட வேண்டும். மீனவர் சங்கங்களின் கையில் அதன் பொறுப்பு இருக்க வேண்டும். புகையைக் குறைக்கும் கணக்கும் வாயுவை அகற்றும் கணக்கும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் இதிலே பணி உண்டு. சுற்றாடல் தினத்திலே கன்று நடுவதற்கு மாணவரை அழைத்துச் செல்லும் பாடசாலைகள் பல. மூன்று ஆண்டுகள் கழித்து அக்கன்றுகளை எண்ணுவதற்கும் அவர்களை அழைத்துச் செல்வோம். எண்ணத் தெரிந்த தலைமுறையை ஏய்ப்பது எளிதன்று.