இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம்... இன்னொன்றும் வேண்டுமா?

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள். வயது 52. மே மாதம் அவர் கணவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, புறநகரில் வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தார்கள். ஜூனில் பையன் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனான். ஆகஸ்டில் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், வாக்கர், ராத்திரியில் மூன்று முறை எழுந்து உதவி...

பார்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "மனசை இப்படியே விட்டுடாதே. புதுசா ஏதாவது கத்துக்கோ. உனக்குன்னு ஒரு லைஃப் வேணாமா?" என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அவரும் விஜயதசமி அன்று ஆரம்பித்துவிட்டார். நாலு மணிக்கு எழுந்து பிராணாயாமம். கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன பி.ஏ.வைத் தபால் வழியில் தொடர அப்ளிகேஷன். ராத்திரியில் சாதத்தை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி. தினம் ஒரு மணி நேரம் வாக்கிங்.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். "போயும் போயும் பாலுக்கா அழறே?" என்று கேட்டாராம் கணவர்.

என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "எல்லாரும் எவ்வளவோ சாதிக்கிறாங்க. என்னால ஒரு பாலைக்கூட ஒழுங்கா காய்ச்ச முடியலை. நான் எதுக்கும் லாயக்கில்லை."

இந்தக் கடைசி வரிதான் என்னை இதை எழுத வைத்தது.

சந்தோஷத்துக்கும் மார்க் உண்டு!

1967-ல் அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வாழ்க்கைத் துணையை இழப்பதுதான் உச்சம், 100. விவாகரத்துக்கு 73. இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு 50! பெரிய சாதனை செய்தால் 28! விடுமுறைக்கு டூர் போய் வந்தால்கூட 13!

ஏன்? மாற்றம் நல்லதா கெட்டதா என்று உடம்பு தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. புதிதாக எது வந்தாலும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. கொஞ்ச நாள் என்றால் அது நமக்குத் துணை. மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம், சளி, காய்ச்சல் அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

நம் அம்மாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? துணைவர் வேலையை விட்டு நின்றது 26. வீடு மாறியது 20. பிள்ளை வீட்டை விட்டுப் போனது 29. குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது 44. மொத்தம் 119.

இனி, 'உனக்குன்னு ஒரு லைஃப்' கணக்கு. படிப்பு ஆரம்பித்தது 26. சொந்தப் பழக்கவழக்கங்களை மாற்றியது 24. தூங்கும் நேரத்தை மாற்றியது 16. சாப்பாட்டை மாற்றியது 15. மொத்தம் 81.

ஆக, 200! ஒரு வருடத்தில் 150-ஐத் தாண்டினால் உடம்பு படுத்தும் வாய்ப்பு கூடுகிறது. 300-ஐத் தாண்டினால் மிகவும் கூடுகிறது என்பது அந்த டாக்டர்களின் கணிப்பு. விதி தந்த சுமையோடு நின்றிருந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்திருப்பார். கோட்டைத் தாண்ட வைத்தது சுயமுன்னேற்றம்!

இது ஒன்றும் ஜாதகக் கட்டம் அல்ல. ஒருவருக்கு மலையாகத் தெரிவது இன்னொருவருக்கு மடுவாக இருக்கும். ஆனாலும், முன்னேற்றமும் ஒரு சுமைதான் என்ற உண்மையை இவ்வளவு பளிச்சென்று சொல்லும் கணக்கு வேறு இல்லை.

அப்படியானால், ஆசையே படக்கூடாதா?

யார் சொன்னது? 'பையன் செட்டில் ஆகட்டும், மாமியார் எழுந்து நடமாடட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டே நம் வீட்டுப் பெண்கள் பலர் எழுபதைத் தொட்டுவிடுகிறார்கள். அலை ஓய்ந்த பிறகு ஸ்நானம் செய்ய முடியுமா?

நான் சொல்வது இதுதான்: ஆசைப்படுங்கள். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்று. அதையும் சின்னதாக. மற்றவை வரிசையில் நிற்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? எதிர்வீட்டுக்காரர் செய்வதை அல்ல. 'இதை விட்டால் மனசு வலிக்கும்' என்று உங்களுக்குத் தோன்றுவதை. அவசரமும் வேண்டாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட இளங்கலைப் படிப்பை ஆறு வருடம் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். பல்கலைக்கழகமே 'மெதுவா வாங்கம்மா' என்கிறது. நமக்குத்தான் பொறுமை இல்லை!

பழக்கமும் அப்படித்தான். '21 நாளில் எதுவும் பழகிவிடும்' என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி, 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254-கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லையாம். எனவே, இருபத்திரண்டாம் நாள் நின்றுபோனால் 'நான் லாயக்கில்லை' என்று அழாதீர்கள்.

இன்னொன்று. எல்லாம் மாறும்போது, மாறாத ஒன்று கையில் இருக்கட்டும். காலைக் காபியும் பேப்பரும், வெள்ளிக்கிழமை கோயில், தங்கையுடன் ஞாயிற்றுக்கிழமை போன்... புது ஊரானாலும் இவற்றை விட்டுவிடாதீர்கள். ஆற்றில் இறங்குகிறவருக்கு ஒரு கரை வேண்டும்.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டிய உடம்பு அது. பதினொன்றுக்குப் படுத்து, நடுவில் மூன்று முறை எழுந்திருப்பவருக்கு நாலு மணி யோகம் வேண்டாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

"ஏதாவது கத்துக்கோயேன்" என்று சொல்வது சுலபம். அதற்கு நேரம் எங்கிருந்து வரும்? உபதேசத்தை விடுங்கள், ஒரு குடத்தை இறக்கி வையுங்கள். ராத்திரி எழுந்து அம்மாவைக் கவனிக்கும் வேலையை ரிட்டயர் ஆன பிள்ளை எடுத்துக்கொள்ளலாம். பெற்ற தாய்தானே!

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்

பிடித்த எதிலும் நாட்டமில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியில்லை, காரணமில்லாத அழுகை... இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் டென்ஷன் அல்ல. டாக்டரைப் பாருங்கள். ஐம்பதை ஒட்டிய வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் எல்லாமே மனச்சோர்வு போல வேஷம் போடும். 'வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அந்த அம்மாள் இப்போது எப்படி இருக்கிறார்? நாலு மணி எழுந்திருப்பதை விட்டுவிட்டார். ராத்திரி சாதம் மறுபடி தட்டுக்கு வந்துவிட்டது. மாமியாரின் ராத்திரி டியூட்டி கணவருடையது. பி.ஏ.வை மட்டும் விடவில்லை. வரும் தேர்வில் ஒரே ஒரு பேப்பர் எழுதப் போகிறார். "ஒண்ணுதானா?" என்றேன். "ஒண்ணாவது!" என்று சிரித்தார்.

சரி, உங்களிடம் எத்தனை குடம்? இன்றைக்கு ராத்திரி ஒரு காகிதத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். எதை இறக்குவது என்று அப்போது தெரியும். உங்களுக்கென்று வைத்திருக்கும் அந்தச் சின்னச் சொம்பை மட்டும் தயவுசெய்து இறக்கிவிடாதீர்கள்!