முதலில் காலிப் பெட்டி... பிறகுதான் கேமரா!

விருத்தாசலத்தில் கடல் இல்லை. கடலூர் கடற்கரைக்கே சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும், ஒரு பொருளுக்குள் ஈரம் புகுந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்கும் வித்தை பீங்கான் தொழில் செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று பீங்கானை நம்பிப் பிழைக்கும் ஊர் அது.

இன்சுலேட்டர் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருந்து, அதில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசியும். அதற்காகவே ஒரு சோதனை உண்டு. உடைத்த பீங்கான் துண்டைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, மணிக்கணக்கில் அழுத்தம் கொடுப்பார்கள். பிறகு அந்தத் துண்டை மறுபடி உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்பு பரவியிருந்தால் அந்தப் பீங்கான் தேறாது. மேலே கிளேஸ் எவ்வளவு பளபளத்தாலும் சரி.

கடலுக்கடியில் படம் எடுக்க ஆசைப்பட்டு, கேமராவுக்கு அண்டர்வாட்டர் ஹவுசிங் வாங்கக் கிளம்புகிறவர்கள் இந்தச் சாயத் துண்டை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்படிக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் கற்றுத் தருகிறார்கள். வார விடுமுறைக்குப் போய் வருகிற தூரம்தான். 2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரை கடலில், 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்ட படம் எத்தனையோ செல்போன்களில் சுற்றி வந்தது. படத்தைப் பார்த்தவர்கள் மணமக்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்களோடு 60 அடி இறங்கி, ஒரு சொட்டு நீரும் உள்ளே விடாமல் மேலே வந்த அந்தக் கேமரா பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

‘என் போன்தான் வாட்டர்ப்ரூஃப் ஆச்சே, தனியாகப் பெட்டி எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. போன் பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி.68 என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பல போன்களுக்கு அதன் பொருள், ஒன்றரை மீட்டர் ஆழம், அரை மணி நேரம். சில ஐபோன்களுக்கு 6 மீட்டர். அதுவும் நல்ல தண்ணீரில், புதுப் போனுக்கு. பூம்புகார் கடலில் 1990-களில் ஆழ்கடல் ஆய்வாளர்கள் பார்த்த குதிரை லாட வடிவ அமைப்பு 23 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்துக்குப் போனைத் தனியாக எடுத்துப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரன்டி கிடையாது என்பதையும் பல நிறுவனங்கள் பொடி எழுத்தில் போட்டிருக்கின்றன.

ஆக்‌ஷன் கேமராக்கள் கொஞ்சம் பரவாயில்லை. கோப்ரோவின் பல மாடல்கள் பெட்டி இல்லாமலே 10 மீட்டர் தாங்கும். அதற்கென்றே விற்கும் ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். ஒலிம்பஸ் டஃப் வகைக் கேமரா தனியாக 15 மீட்டர், ஹவுசிங்கோடு 45 மீட்டர். பெரிய டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்களுக்கு அலுமினியத்தில் கடைந்து செய்த பெட்டிகள் 100 மீட்டர் வரைகூடத் தாங்கும். அவற்றின் விலை சமயத்தில் கேமராவின் விலையையே தாண்டிவிடும். குழந்தைக்குப் பொம்மை வாங்கப் போய் அலமாரி வாங்கி வந்த கதைதான்.

ஆழம் என்ன செய்கிறது? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சுமார் ஒரு கிலோ எடை கூடுகிறது. 16 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு ஹவுசிங் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அதன்மேல் 250 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. பத்து 25 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கினால் வரும் பாரம்!

இந்தப் பாரத்தைக் கேட்டு, ஆழத்தில்தான் பெட்டி ஒழுகும் என்று நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. அந்தப் பத்து மூட்டையும் மூடியை மேலும் இறுக்கித்தான் பிடிக்கிறது. ஒழுகுவது முதல் இரண்டு, மூன்று மீட்டருக்குள். சில சமயம் படகில் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியிலேயே. அங்கே அழுத்தம் குறைவு. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் இன்னும் நசுங்கி உட்கார்ந்திருக்காது. படகிலிருந்து குதிக்கிற அதிர்ச்சி வேறு.

அந்த வளையத்துக்குப் பெயர் ஓ-ரிங். பிரஷர் குக்கர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதன் அண்ணன் பழக்கம்தான். கேஸ்கெட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் குக்கர் என்ன செய்கிறது? பக்கவாட்டில் புஸ்ஸென்று ஆவி விடும், விசில் வராது. குக்கரில் அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே. ஹவுசிங்கில் வெளியிலிருந்து உள்ளே. பருக்கைக்குப் பதில் இங்கே ஒரு தலைமுடி, ஒரு மணல், துண்டிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை போதும்.

1893-ல் பிரான்ஸ் நாட்டுக் கடலில் கேமராவை இறக்கிய லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞருக்கும் இதே கவலைதான். அவர் கேமரா பெட்டியோடு காற்று நிரப்பிய ரப்பர் பலூன் ஒன்றை இணைத்தார். கடல் பலூனை அமுக்க, அதிலிருந்த காற்று பெட்டிக்குள் போய், உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாயின. தண்ணீரைத் தடுப்பதைவிட, அது உள்ளே வரக் காரணமே இல்லாமல் செய்துவிட்டார் மனிதர்!

சரி, கடைக்குப் போகிறோம். என்ன கேட்பது? ‘எத்தனை மீட்டர் தாங்கும்’ என்று எல்லோரும் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, ‘ஓ-ரிங் தனியாகக் கிடைக்குமா?’ உபரி வளையம் கிடைக்காத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மூடியின் வளையத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால், ஒவ்வொரு பட்டனின் தண்டிலும் ஒரு குட்டி வளையம் உண்டு. அது சர்வீஸ்காரர் கை வைக்க வேண்டிய இடம். அந்த சர்வீஸ் இந்தியாவில் எங்கே என்றும் கேட்டுவிடுங்கள். பழைய ஹவுசிங் வாங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு மாடலுக்குச் செய்த பெட்டியில் அடுத்த மாடல் பெரும்பாலும் உட்காராது என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, வேக்குவம் பம்ப் வசதி. பெட்டியை மூடியதும் உள்ளிருக்கும் காற்றில் கொஞ்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உள்ளே ஒரு சென்சார். அரை மணி நேரம் பச்சை விளக்கு அப்படியே எரிந்தால் காற்று புகவில்லை; காற்று புகாத இடத்தில் தண்ணீரும் புகாது. கரையிலேயே தெரிந்துவிடுகிறது. போனுக்கான சில பெட்டிகளிலும் இப்போது இது வருகிறது. கூடுதல் பணம் கொடுப்பதென்றால் ஆழத்துக்குக் கொடுப்பதைவிட இதற்குக் கொடுக்கலாம்.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்பது பர்ஸைப் பொறுத்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் உள்ளே ஒரு சொட்டு வந்தாலும் கண்ணில் படும். அலுமினியம் அடிபட்டால் தாங்கும். சுமார் 5 மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறம் மங்கத் தொடங்கி எல்லாம் நீலமாகிவிடும் என்பதால், விளக்குக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் கேமராவை உள்ளே வைத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். ஒரு டிஷ்யூ பேப்பரில் இங்க் பேனாவால் நாலு புள்ளி வைத்து, அதை மட்டும் உள்ளே போட்டு மூடுங்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள். வரிசையாகக் குமிழி வந்தால் அங்கேதான் ஓட்டை.

அடுத்தது, கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்குக் கிணறு இருக்கிறது. 30 அடி தண்ணீர் நிற்கும் கிணறு கிட்டத்தட்ட 10 மீட்டர் கடலுக்குச் சமம். காலிப் பெட்டி மிதக்கும். அதனால் ஹவுசிங்கின் கைப்பிடி வளையத்தில் கயிறு கட்டி, அதே கயிற்றில் கீழே நாலடி தள்ளி ஒரு கல் தொங்கட்டும். கல் தரையில் பட்டாலும் பெட்டி சேற்றில் படாது. மூடியின் கொக்கியில் கயிறு கட்டக் கூடாது. மேலே நின்றபடியே இறக்குங்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்த பிறகு திறக்க வேண்டும். இங்க் புள்ளி புள்ளியாகவே இருந்தால் பெட்டி தேறியது. பரவியிருந்தால், நட்டம் ஒரு டிஷ்யூ பேப்பர்.

புறப்படும் நாளில் செய்யும் அவசரம்தான் பல கேமராக்களுக்கு எமன். ஆடும் படகில், ஈரக் கையோடு மூடியைத் திறந்து மூடக் கூடாது. முந்தின இரவே ஏ.சி. அறையில் கேமராவை உள்ளே வைத்து மூடிவிடுவது உத்தமம். அங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதால் கண்ணாடியில் உள்பக்கம் பனி படியாது. ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் வைக்கலாம். ஓ-ரிங்கை ஊசியாலோ ஹேர்பின்னாலோ நெம்பி எடுக்காதீர்கள். கீறல் விழுந்தால் போச்சு. பிளாஸ்டிக் கார்டின் முனை போதும். கிரீஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று அப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வளையம் வழுக்கி உட்கார மட்டும்தான். அதிகமானால் மணலையும் முடியையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டி செய்த நிறுவனம் சொல்லும் கிரீஸைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் 15 மீட்டரில் பெட்டிக்குள் தண்ணீர் ஆடுவது தெரிந்தால்? லட்ச ரூபாய் கண் முன்னால் மூழ்கும்போது மனம் மேலே பாயச் சொல்லும். அங்கேதான் ஆபத்து. மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம்; ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கலாம். லென்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியைப் பிடித்தால், தண்ணீர் முன்பக்கம் தேங்கி கேமரா உடல் கொஞ்சம் தப்பும். கூட வந்தவருக்குச் சைகை காட்டிவிட்டு, இயல்பாக மூச்சு விட்டபடி, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுதான் வர வேண்டும். அதற்குள் கேமரா போய்விட்டால் போகட்டும். தண்ணீரில் நிலையாக மிதக்கப் பழகும்வரை புதியவர்கள் கையில் கேமராவே வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

படகில் ஏறியதும், வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். மெமரி கார்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஓரிரு நாள் காய விடுங்கள். கேமரா பிழைக்காமல் போனாலும் கார்டு பல சமயம் பிழைத்துக்கொள்ளும். எடுத்த படங்களெல்லாம் அதில்தானே இருக்கின்றன!