விதைக்கு நல்ல பூவை விடுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி ஆகியவை பூத்திருப்பதைக் காணலாம். மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு ஒரு முடிச்சு விதையாக வந்து சேர்ந்த பூக்கள் இவை. அண்மைக் காலமாக இவற்றின் மீது ஒரு குறை கூறப்படுகிறது. நாட்டு விதை சிறுத்துவிட்டது, கொண்டை விரிவதில்லை, கடை விதையே மேல் என்பது அக்குறை. பூ சிறுத்திருப்பது பல வீடுகளில் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் விதை எடுக்கும் முறை.

ஆயுத பூசைக்கும், மயிலம் முருகனுக்கும், மேல்மலையனூர் அமாவாசைக்கும் பெரிய பூக்களையே தேடிப் பறிக்கின்றனர். பிந்திப் பூத்தவையும் பூச்சி தின்றவையும் செடியிலேயே காய்ந்து விதையாகின்றன. மறு ஆண்டு முளைப்பவை இவற்றின் பிள்ளைகளே. நெல்லில் பதரை விதைக்கு வைக்கும் உழவர் எவரும் இல்லை. பூவில் மட்டும் அதைத்தான் ஆண்டுதோறும் செய்து வருகின்றனர்.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 நிலக்கடலையை அறியாத உழவர் இப்பகுதியில் குறைவு. 1940-இல் வெளியான அந்த இரகம், குடியாத்தம் கொத்துக் கடலையில் நல்ல செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதைகளை ஒன்று சேர்த்து உருவாக்கப்பட்டது. அதே பொறுக்கு முறையைக் கொல்லையிலும் கையாளலாம்.

பூ விரியும் பருவத்திலேயே நன்கு வளர்ந்த பத்துச் செடிகளில் நூல் கட்டிவிட வேண்டும். நூல் கட்டிய செடியில் பூப் பறிக்கக் கூடாது, சாமிக்கென்றாலும் சரி. ஓரிரு செடிகளின் விதையை மட்டும் வைத்தால் நாளடைவில் வளம் குன்றும். கோழிக்கொண்டையில் சிவப்பும் மஞ்சளும் அருகருகே நின்றால் கலந்துவிடும். ஆகவே ஒரு வீட்டில் ஒரு நிறம், அடுத்த தெருவில் வேறு நிறம் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

விதைப் பயிருக்குப் பட்டம் முக்கியம். ஆடியில் விதைத்த செடி பூசைக்குப் பூத் தரும். அதன் விதை முற்றும்போது ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். கொண்டையின் மடிப்புகளில் நீர் தங்கிப் பூஞ்சாணம் பிடிக்கும். தையில் ஒரு பாத்தி தனியே விதைத்தால் பங்குனி, சித்திரை வெயிலில் விதை சுத்தமாகக் காயும். பாத்திரம் கழுவிய நீரே அதற்குப் போதும். பூ சற்றுச் சிறுத்தாலும் விதைக்குக் குறைவில்லை. ஆடி வரை மூன்று மாதம் வைத்திருந்தால் போதுமாதலால் முளைப்புத் திறனும் கெடாது. கொண்டையின் அடிப்பகுதியில் உள்ள கருவிதைகளை முறத்தில் தட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கலயத்தில் வைக்கலாம். விதைக்கும்போது மணல் கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். ஆழப் புதைத்தால் முளைக்காது. எறும்பு இழுக்காமலிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுவது வழக்கம்.

கடை விதை வேண்டவே வேண்டாம் என்பதில்லை. அரை ஏக்கரில் செண்டுமல்லி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புபவர் வீரிய ஒட்டு இரகத்தை வாங்குவது முறையே. ஆனால் அதன் விதையை எடுத்து மறுமுறை விதைத்தால் செடிகள் பலவிதமாகப் பிரிந்துவிடும். ஆண்டுதோறும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். நாலு முழம் கொல்லைக்கு இச்செலவு எதற்கு? செண்டுமல்லியே மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த செடிதான். தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்ததால் நம் ஊர்ப் பூவாயிற்று.

சமையலறைக் கசகசாவையும் இப்படித் தூவிப் பார்க்கலாமா என்று கேட்போர் உண்டு. கூடாது. அது அபினிச் செடியின் விதை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, உரிமம் இன்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் குறிப்பிட்ட பகுதிகளுக்கே உரிமம் தரப்படுகிறது.

எடுத்த விதையில் ஒரு பங்கை உறவினர் வீட்டிலும் கொடுத்து வைப்பது நல்லது. ஒரு வீட்டில் மழைநீர் புகுந்து கலயம் நனைந்தாலும் மற்ற வீட்டில் விதை இருக்கும்.