சோதிக்காமல் பாகத்தை மாற்றாதீர்கள்



என் பழைய பெட்ரோல் கார், என்ஜின் நன்கு சூடான பிறகும் ஐடிலிங்கில் 1500 ஆர்.பி.எம். ஓடியது. சுமார் 800 போதும். பானெட்டைத் திறக்காமலே, "சென்சார் போச்சு சார், 6000 ரூபாய் ஆகும்" என்றார் மெக்கானிக்.

வேறொரு பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி, 'உஸ்' என்ற சத்தத்தைக் கவனித்தார். வேக்கம் ஹோஸை விரலால் அழுத்திப் பிடித்தார்; உடனே வேகம் இறங்கியது. ரப்பரில் வெடிப்பு! திராட்டிலைத் தாண்டி அதன் வழியே காற்று உள்ளே போயிருக்கிறது. புது ஹோஸ் 150 ரூபாய்.

சென்சாரே கெடாது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் மாற்றுவது வைத்தியமல்ல, சூதாட்டம். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். வழிமுறை இல்லாத விடைக்கு நான் மார்க் போட்டதில்லை. நீங்கள் பணம் கொடுக்காதீர்கள்.