இணையதளம் அமைப்போரின் கூலி

நமது நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் தத்தமக்கென இணையதளம் அமைத்துக்கொள்ள முற்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அத்தளங்களை அமைத்துத் தருவோரைச் சில சங்கங்கள் நடத்தும் விதம் பற்றி நமக்கு மனக்குறை உண்டு. அதை அங்கத்தினர்கள் முன் வைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

இவ்வேலையைப் பெரும்பாலும் செய்பவர் ஃப்ரீலான்சர் எனப்படுவோர். எங்கும் மாதச் சம்பளத்துக்கு அமராமல், வேலைக்கு வேலை கூலி பேசிக்கொண்டு, சொந்தக் கம்ப்யூட்டரில் உழைப்பவர்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பக்கங்களின் அமைப்பை வரைதல், எழுத்தையும் வண்ணத்தையும் தேர்தல், புடவைப் படங்களைச் சீர்செய்தல், கைப்பேசியின் சிறு திரையிலும் பக்கம் சிதையாதபடி நிரல் எழுதுதல் ஆகிய அனைத்தையும் பல சமயம் ஒருவரே செய்துவிடுகிறார்.

நாம் பார்த்தவரையில் நடப்பது என்ன? நான்கு பேரிடம் மாதிரி வரைந்து தரச் சொல்லி, ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்ற மூவருக்கும் ஒரு காசும் தராமல் அனுப்பிவிடுகிறார்கள். பேசிய வேலை முடிந்த பின்னும் ‘இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு படம்’ என்று இழுக்கிறார்கள். பணமோ, பஞ்சாயத்தார் கூட்டம் கூடட்டும், தணிக்கை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. முற்காலத்தில் மாஸ்டர் வீவர் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்து வந்த சேலையில் குற்றம் கண்டு கூலியைப் பிடித்துக்கொண்ட கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிடியினின்று விடுபடவே எழுந்த சங்கம், இன்னொரு தொழிலாளிக்குத் தானே மாஸ்டர் வீவராவது அழகன்று.

அழகு ஒருபுறமிருக்க, சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழிலாளிக்கு எழுத்து மூலம் பேசிய தவணையில் பணம் தரவேண்டும்; அத்தவணையும் 45 நாட்களைத் தாண்டலாகாது. தவணை ஏதும் பேசாவிடில் 15 நாட்களே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட்டைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இவ்வேலை செய்யும் இளைஞர்கள் பணியை ஏற்குமுன்பே உத்யம் பதிவைச் செய்துகொள்வது நலம்.

‘சங்கத்துப் பணம், காரியதரிசி தன்னிச்சையாகக் கொடுக்க முடியுமா?’ என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆகையால் வேலையை ஒப்படைக்கும் தீர்மானத்திலேயே, முன்பணம் இவ்வளவு, மாதிரி ஏற்கப்பட்டதும் இவ்வளவு, தளம் திறந்ததும் மீதி என்று பஞ்சாயத்தார் எழுதிவிட்டால் மறு கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுத்து மூலமான ஒப்பந்தம் சங்கத்துக்கும் காப்பாகும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து எடுப்பித்த புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எடுப்பித்தவருக்கே சேரும். ஆனால் ஃப்ரீலான்சர் எழுதிய நிரலின் உரிமை, அவர் கையெழுத்திட்டு மாற்றித் தந்தாலன்றி, அவருடையதே. புடவையின் படம் சங்கத்துடையது, அதைக் காட்டும் நிரல் பிறருடையது என்னும் விந்தை நிலை இதனால் நேர்கிறது. மாற்றித் தரும் பத்திரத்திலும் காலவரையறை குறிக்காவிடில் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே அது செல்லும். டொமைன் பெயரையோ தொடக்கத்திலேயே சங்கத்தின் பெயரில் பதிவு செய்துவிட வேண்டும். பதிவின் தவணை முடியும் நாளைக் காரியதரிசி குறித்துவைக்க வேண்டும்.

இவ்விளைஞர்கள் தனித்தனியே பேரம் பேசி வாழவேண்டிய அவசியமுமில்லை. பெல்ஜியத்தில் 1998-இல் கலைத் தொழிலாளருக்காகத் தோன்றிய ‘ஸ்மார்ட்’ என்னும் அமைப்பு பின்னர் கூட்டுறவாக மாறியது. வாடிக்கைக்காரருக்குப் பில் போடுவது, பணத்தை வசூலிப்பது, அங்கத்தினருக்குச் சம்பளமாகத் தருவது யாவும் அதன் பொறுப்பு. பில் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துப் பொது நிதி வைத்திருப்பதால், வாடிக்கைக்காரர் தாமதித்தாலும் கூலி நிற்பதில்லை. நம் மாவட்டங்களிலும் இதுபோன்ற சங்கத்தை அமைக்க இளைஞர்கள் முன்வந்தால், கூடிப் பேசுவதற்கு நெசவாளர் சங்கக் கட்டிடத்தில் ஓர் அறையை மாலை வேளைகளில் திறந்துவிடப் பஞ்சாயத்தார் தயங்க வேண்டியதில்லை.