தாய்க்கு யார் துணை?

ஞாயிறு திருப்பலிக்கு எங்கள் தெருவே கிளம்பும். ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். அவ்வீட்டுப் பையனுக்கு வயது ஒன்பது, மூளை முடக்குவாதம். அவனைத் தூக்கி வந்தால் முன்வரிசை முதல் கடைசி வரிசை வரை தலைகள் திரும்பும். "ஐயோ பாவம்!" என்பார்கள். அந்தப் பரிதாபத்துக்கு அஞ்சியே அந்த அத்தை இரண்டாம் பூசைக்குத் தனியே வந்து, நற்கருணை வாங்கியதும் வீட்டுக்கு ஓடுகிறார். திரும்பிய தலைகளில் என்னுடையதும் ஒன்று.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அறிவுசார் குறைபாடு உடையோருக்குத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகை 2000 ரூபாய் ஆயிற்று. ஆனால் எதைப் பெறவும் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் முதலில் வேண்டுமே! நடக்க இயலாத பிள்ளையை இடுப்பில் சுமந்து, இரண்டு பேருந்து மாறி, ஒருநாள் கூலியையும் இழந்து வந்த தாயிடம், "டாக்டர் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றால்? அந்த அத்தை மூன்று முறை அலைந்தார். பையைத் தூக்கவும் வரிசையில் இடம் பிடிக்கவும் மூத்த மகளும் கூடப் போனாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு மூன்று நாள் 'வரவில்லை' என்று விழுந்தது. ஏன் என்று கேட்க அதில் இடமில்லை.

சேவை வீடு தேடி வரவேண்டும் என்பதே என் கருத்து. இது வெறும் கனவன்று. தென்காசி அருகே ஆய்க்குடியில், விபத்தால் கைகால் செயலிழந்த திரு. ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராம வீடுகளுக்கே சென்று குழந்தைக்குப் பயிற்சி தருகிறார்கள், தாய்க்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். சென்னை வித்யாசாகரை 1985இல் நிறுவிய திருமதி பூனம் நடராஜனே இத்தகைய குழந்தையின் தாய்தான். அனுபவித்தவருக்கன்றோ எது தேவை என்று தெரியும்!

"பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?" என்று சில பெரியவர்கள் கேட்பர். பெற்றவள் பார்க்கத்தான் செய்கிறாள், இரவும் பார்க்கிறாள். "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்பதே அவளை உறங்கவிடாத கேள்வி. இதற்காகவே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயதுக்குப் பின் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்க அதில் வழி உண்டு. அத்தைக்கு இது தெரியாது. நானே இக்கட்டுரைக்காகப் படித்துத்தான் அறிந்தேன்.

அத்தையிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். பணம் என்பார் என நினைத்தேன். "ரெண்டு மணி நேரம் தூங்கணும்மா" என்றார்.

சனிக்கிழமை மறைக்கல்வி முடிந்தபின் நம் பங்கு மண்டபம் பூட்டியே கிடக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க, மாதம் இரு சனிக்கிழமைகள் அங்கே நாம் இக்குழந்தைகளுடன் விளையாடலாகாதா? அன்னையரும் பெற்றோரும் பங்குத்தந்தையிடம் பேசவேண்டும். சாவி யாரிடம் என்று நான் விசாரித்துவிட்டேன்; உபதேசியாரிடம் இருக்கிறது.